வாயில் மிச்சமிருந்த சொல்

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் ஃபிரிட்ஜ்காரர் என்றுதான் சொல்வார்கள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், எப்போதாவது ஏசி. பழுதானதைத் தன் வேனில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவருவார். சரிபார்த்தபின் அவரே கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்துவிட்டு வருவார். பேச்சு குறைவு. ஆயிரம் கேள்வி கேட்டாலும் ‘சரி’, ‘பார்க்கலாம்’, ‘ஆயிடும்’ என்ற மூன்றில் ஒன்றுதான் பதிலாக வரும். இவரைவிட இவர் ரிப்பேர் பண்ணுகிற ஃபிரிட்ஜ் அதிகம் பேசும் என்று அவர் மனைவியே சொல்வாள். முதலில் வேடிக்கையாகத்தான் சொன்னாள். நாளாக நாளாக வேடிக்கை போய்விட்டது, சொல் மட்டும் நின்றது.

அவள் ஜன்னல் திரைகள் தைக்கும் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். மகளுக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபின் வீட்டில் இருவர் மட்டும். அவர் குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார், எதையும் ஒளித்து வைக்க மாட்டார். “குறை சொல்ல ஒண்ணும் இல்லாத மனுஷன்கூட இருக்கிறதுதான் கஷ்டம். யார்கிட்ட போய் என்னன்னு சொல்றது?” என்று அவள் தன் தங்கையிடம் சொன்னதுண்டு.

அவளுடைய அம்மா இறந்து, காரியங்கள் முடித்துத் திரும்பிய வாரம் அது. ஒரு மாலை சமையலறையில் நின்றபடியே அழுதுகொண்டிருந்தாள். அவர் உள்ளே வந்தார். அவளைப் பார்த்தார். பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து, கதவு ரப்பர் தளர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். அவருக்கு அந்த நேரத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. கைக்கு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, பழகியதைப் பிடித்தது. அவள் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குத்தான் முடிவு பண்ணினேன் என்று பின்னால் மகளிடம் சொன்னாள்.

முடிவு பண்ணியதை அவரிடம் சொன்னது ஒரு வேலைநாள் காலையில், போனில். நேரில் சொல்லியிருப்பாள், நேரில் சொன்னால் அவர் எழுந்து கடைக்குப் போய்விடுவார் என்று அவளுக்குத் தெரியும். அவர் அப்போதுதான் ஒரு நாலு மாடிக் கட்டிடத்தின் வாசலில் வேனை நிறுத்தி, ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்றைக் கீழே இறக்கியிருந்தார். உதவிக்கு வருகிற ஆள் அன்று விடுப்பு.

பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன போர்ஷன் பார்த்திருப்பதாகவும், மாதக் கடைசியில் அங்கே போய்விடப் போவதாகவும் அவள் சொன்னாள். சண்டை போட்டுப் பிரியவில்லை, யார் மேலும் பழி இல்லை, ஊர் வாயை மூட முடியாது, பேசினால் பேசட்டும் என்றாள். கடைசியில் கேட்டாள்.

“என்ன சொல்றீங்க?”

“சரி.”

“அவ்வளவுதானா?”

அவர் போனைக் காதில் வைத்தபடி நின்றார். வேனைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லி வாட்ச்மேன் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். “சரி” என்று இன்னொரு தடவை சொன்னார். அவள் வைத்துவிட்டாள்.

வேனைத் தள்ளி நிறுத்திவிட்டு ஃபிரிட்ஜை லிஃப்ட் பக்கம் நகர்த்தினார். வாட்ச்மேன் குறுக்கே வந்து, லிஃப்டில் சாமான் ஏற்றக்கூடாது, புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், கீறல் விழுந்தால் தன் வேலை போய்விடும் என்றார். தன்மையாகத்தான் சொன்னார். ஃபிரிட்ஜ்காரருக்கு இது புதிதல்ல. எத்தனையோ கட்டிடங்களில் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். ‘சரி’ என்று தோளில் வாரைப் போட்டுக்கொண்டு படியேறுவதுதான் வழக்கம்.

அன்று அவர் கத்தினார். நான் என்ன மாடா, கழுதையா, கண்ணாடிக்கு இருக்கிற மரியாதை மனுஷனுக்கு இல்லையா என்று தொடங்கி, என்னென்னவோ சொன்னார். குரல் உடைந்து வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. பால்கனிகளில் தலைகள் தெரிந்தன. வாட்ச்மேன் மிரண்டுபோய், ஒரு பக்கம் பிடிக்கிறேன் என்று கையைக் கொடுத்தார். அந்தக் கையைத் தட்டிவிட்டு, ஃபிரிட்ஜை முதுகில் ஏற்றி வாரை இழுத்துக் கட்டி, ஒற்றை ஆளாக ஏறத் தொடங்கினார்.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் வலது கைவிரல்கள் வாரை விட்டன. விட்டது அவருக்கே தெரியவில்லை, பிடித்திருப்பதாகத்தான் நினைத்தார். வலது கால் அடுத்த படியைத் தேடி எங்கோ போனது. எப்படியோ முதுகைத் திருப்பி ஃபிரிட்ஜைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்தார். இத்தனை வருடத் தொழிலில் ஒன்றைக்கூடக் கீழே போட்டதில்லை. பிறகு அதன் பக்கத்திலேயே தானும் சாய்ந்தார். கதவைத் திறந்து எட்டிப் பார்த்த பெண்ணிடம் தண்ணீர் கேட்க வாயைத் திறந்தார். வந்தது தண்ணீர் என்ற சொல் அல்ல.

*

ஆஸ்பத்திரியில் அவருக்கு எல்லாம் கேட்டது, எல்லாம் புரிந்தது. மூளையில் ஒரு குழாய் அடைத்துக்கொண்டுவிட்டது, வலது பக்கமும் பேச்சும் போயிருக்கிறது என்று டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்று அவளிடம் சொன்னார். பட்டறையிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தாள். புடவைத் தோளில் ஒரு வெள்ளை நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

“இது வர்றதுக்கு முன்னாடி, ஒரு மணி நேரத்துக்குள்ள, ஏதாவது பெரிய கோபம், அதிர்ச்சி, இல்ல கனமான வேலை ஏதாவது உண்டா?” என்று டாக்டர் கேட்டார்.

“ஃபிரிட்ஜைத் தனியாத் தூக்கிட்டு மாடி ஏறியிருக்கார்.” கட்டிலில் கிடந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். “அதுக்கு முன்னாடி நான் போன்ல ஒரு விஷயம் சொன்னேன்.”

டாக்டர் என்ன விஷயம் என்று கேட்கவில்லை. “சில பேருக்கு அந்த மாதிரி ஒரு நேரம் கடைசித் தள்ளு ஆயிடறது உண்டு. அதுக்காக கோபப்படற எல்லாருக்கும், பாரம் தூக்கற எல்லாருக்கும் இது வர்றதில்லம்மா. பிரஷர் மாத்திரையை இவர் எப்பவோ நிறுத்தியிருக்கார். ரத்தக்குழாய் பல வருஷமாக் கெட்டுட்டு வந்திருக்கு. எது தள்ளிச்சுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது.”

அவள் அத்தனையும் கேட்டாள். பிடித்துக்கொண்டது ‘கடைசித் தள்ளு’ என்பதை மட்டும்தான்.

டாக்டர் போனபின் முக்காலியை இழுத்துப்போட்டு அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள்.

“நான் சொன்னதாலதானே?”

இல்லை என்று சொல்ல அவர் முழு உடம்பையும் கூட்டினார். சொல் தொண்டைவரை வந்தது. வாயைத் திறந்ததும் வேறு ஒன்று வெளியே விழுந்தது.

“சரி.”

அவருக்கே திடுக்கென்றது. மறுபடி முயன்றார். “சரி. சரி.” தலையை இடவலமாக ஆட்ட நினைத்தார், அது மேலும் கீழும் ஆடியது. இயலாமையில் கண் நிறைந்தது. அவள் அந்தக் கண்ணைத்தான் பார்த்தாள். அதற்கப்புறம் அந்தக் கேள்வியை அவள் கேட்கவே இல்லை.

அவர் வாயில் மிச்சம் இருந்தது அந்த ஒரு சொல்தான். வலிக்கிறதா என்றால் சரி. ஜன்னலை மூடவா என்றால் சரி. ‘உங்க பேர் என்ன’ என்று நர்ஸ் கேட்டதற்கும் சரி. பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். உள்ளே எல்லாப் பொருளும் பத்திரமாக இருக்கிறது, வெளியே வருகிற கதவுதான் இறுகிக்கொண்டிருக்கிறது, இப்படிப்பட்டவர்களுக்கு ஆமாம் இல்லையெல்லாம் தலைகீழாக வரும், அதனால் இவர் சரி என்றால் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று மனைவியிடம் விளக்கினாள். அவள் தலையாட்டினாள். வெளியே வராந்தாவில் தங்கையிடம் போனில் பேசியது கதவு வழியே அவருக்குக் கேட்டது. வாய் மாறிச் சொல்லும், கண் மாறிச் சொல்லுமா என்றாள்.

பார்த்து வைத்திருந்த போர்ஷனை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

*

வீட்டுக்கு வந்தபின் பட்டறையில் பாதி நாள் வேலை வாங்கிக்கொண்டாள். காலையில் அவரை எழுப்பி உட்கார வைப்பாள், குளிப்பாட்டுவாள், சட்டைப் பொத்தான் போடுவாள், சோற்றைக் குழைத்து ஸ்பூனால் ஊட்டுவாள். செய்கிறபோதெல்லாம் பேசிக்கொண்டே செய்வாள். நோயாளியிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று பயிற்சிக்காரப் பெண் சொல்லியிருந்தாள். எழுந்து கடைக்குப் போக வழியில்லாததால், முதல் தடவையாக, அவர் முழுக்கக் கேட்டார்.

கேட்கக் கேட்க ஆச்சரியமாக இருந்தது. பட்டறை மேனேஜர் மூக்கால் பேசுவதை அவள் அப்படியே பேசிக் காட்டினாள். தையல்காரிகளில் ஒருத்தி துணியை விட்டு விரலைத் தைத்துக்கொண்டு, விரலைப் பார்க்காமல் துணியில் கறை பட்டதா என்று பார்த்த கதையைச் சொன்னாள். பெரிய மாளிகைக்குத் தைத்த திரை அளவு மாறிப்போய், கல்யாணப் பெண்ணுக்கு அரைப் பாவாடை கட்டிவிட்ட மாதிரி நின்றதைச் சொன்னாள். இவளுக்கு இத்தனை வேடிக்கை தெரியும் என்பது இருபத்தாறு வருடத்தில் அவருக்குத் தெரியாது. மத்தியானம் அவள் பட்டறைக்குக் கிளம்பும்போது, சாயங்காலம் என்ன கதை கொண்டுவருவாள் என்று காத்திருக்கத் தொடங்கினார்.

இன்னொரு புது விஷயமும் சேர்ந்துகொண்டது. அழுகை. சிரித்தால் அழுகை வந்தது. டிவியில் சோப்பு விளம்பரத்துக்கு அழுகை வந்தது. மகள் போனில் ‘அப்பா’ என்றால் போதும், முகம் கோணிக்கொண்டு பொலபொலவென்று கொட்டியது. மனைவி பயந்துபோய் டாக்டரிடம் கேட்டாள். இது இந்த நோயில் சகஜம், அழுகையை அடக்குகிற கடிவாளம் அறுந்துவிட்டது, உள்ளே துக்கம் இருக்கிறதென்று அர்த்தமில்லை, துடைத்துவிட்டால் தானாக நிற்கும் என்றார். அதிலிருந்து அவர் அழும்போதெல்லாம் தட்டில் சிந்தியதைத் துடைப்பது போல் துடைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்வாள்.

சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. முதலில் ‘தண்ணி’. அப்புறம் ‘வா’, ‘போதும்’. ஒரு நாள் பயிற்சிக்காரப் பெண் நாற்காலிப் படத்தைக் காட்டி ‘இது குடையா?’ என்று கேட்டபோது, யோசிக்காமல் ‘இல்ல’ என்று வந்துவிட்டது. அந்தப் பெண் கை தட்டினாள். தலையும் இப்போது சொன்னபடி இடவலமாக ஆடியது.

அன்று சாயங்காலம் மனைவி அவருக்கு நகம் வெட்டிவிட்டாள். செயலற்ற வலது கையைத் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாக. சொல்லிவிடலாம். போன், நீ, இல்ல. அவ்வளவு போதும். நகத் துண்டுகளை அவள் காகிதத்தில் மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அவளை இந்த வீட்டில் நிறுத்தி வைத்திருப்பது, தான் சொன்னதால்தான் இது வந்தது என்ற அவளுடைய எண்ணம் ஒன்றுதான் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தார். ஊமைக்கு ஒரு வசதி உண்டு, யாரும் ஏன் சொல்லவில்லை என்று கேட்க மாட்டார்கள்.

கோடை முடிந்து மழை தொடங்கியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தூங்குவதாக நினைத்து அவள் பால்கனியில் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தாள். இனிமேல் எங்கே போவது, அதெல்லாம் முடிந்த கதை என்றாள். தங்கை ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

“நான் பேசின பேச்சுக்கு இது கூலி. அனுபவிச்சுத்தானே தீரணும்.”

போனை வைத்தபின் அவள் உள்ளே வரவில்லை. ஜன்னல் வழியே அவர் பார்த்தார். ஆறிப்போன டீ பக்கத்தில் இருந்தது. டூட்டி மாற்ற வருகிறவனுக்காகக் காத்திருக்கிற காவல்காரன் போல, தெருவைப் பார்த்தபடி முதுகு வளைந்து உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் மாதிரி மூக்கால் பேசிக் காட்டுகிறவள் அவள் இல்லை. அது அவருக்காகக் காலையில் போட்டுக்கொள்ளும் முகம்.

படுத்தபடியே அவர் அந்தக் காலையை மறுபடி எடுத்துப் பார்த்தார். லிஃப்ட் இல்லை என்று அதுவரை எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்; யாரிடமாவது கத்தியிருக்கிறாரா? இல்லை. அன்று மட்டும் அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது? படியேறும்போது வாட்ச்மேன் முகமா நினைவில் இருந்தது? ‘அவ்வளவுதானா’ என்று அவள் கேட்டதுதான் ஒவ்வொரு படிக்கும் காதில் விழுந்தது. அவளிடம் போட வேண்டிய சத்தத்தைக் கண்டவனிடம் போட்டுவிட்டு ஏறியிருக்கிறார். டாக்டரே அடித்துச் சொல்லாததை அவர் எப்படிச் சொல்வது? ஆனாலும் அந்தக் கத்தல் யாருக்கானது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சொன்னால் அவள் ஆயுளுக்கும் இந்தப் பால்கனியில்தான்.

அவள் மாத்திரை கொண்டுவந்தபோது சொன்னார். “போன்… இல்ல.”

“எந்த போன்?”

“நீ இல்ல. லிஃப்ட்.” மூச்சு வாங்கியது. “லிஃப்ட். கோபம்.”

அவளுக்குப் புரியவில்லை. எந்த லிஃப்ட், யாருக்குக் கோபம் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவர் அந்த இரண்டு சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னார். வியர்த்துவிட்டது. விட்டுவிட்டாள்.

மறுநாள் பட்டறையிலிருந்து நேராக அந்தக் கட்டிடத்துக்குப் போயிருக்கிறாள். வாட்ச்மேன் அவள் யார் என்று தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டாராம். இத்தனை நாளும் ஆஸ்பத்திரிப் பக்கம் வர தைரியமில்லை, நான்தான் அந்தப் பாவி என்று கைகூப்பினாராம். லிஃப்டைக் கொடுக்காததற்கு அவர் கட்டிடமே அதிரக் கத்தியதையும், பிடிக்கப் போன கையைத் தட்டிவிட்டதையும் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். அவள் வாட்ச்மேனைச் சமாதானப்படுத்திவிட்டு வந்தாள்.

வந்தவள் கைப்பையைக்கூடக் கழற்றி வைக்காமல் அவர் எதிரே உட்கார்ந்தாள். குடை ஓரத்திலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

“ஒரு லிஃப்டுக்காகவா?”

“ஆமா.”

“நான் போறேன்னு சொன்னதுக்கு ஒரு சரி. லிஃப்ட் இல்லைன்னதுக்கு அவ்வளவு சத்தமா?”

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நீண்டுகொண்டே போய், வேறு ஏதோவாக முடிந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். நானும் பைத்தியக்காரி மாதிரி, கொலை பண்ணினவ மாதிரி இத்தனை மாசமா மருகிட்டிருந்தேனே என்றாள். அவள் தோள்கள் கீழே இறங்கின. எதையோ இறக்கி வைத்தவளின் தோள். ஆனால் முகத்தில் ஓர் அடி விழுந்த தடமும் இருந்தது. அதைப் போட்டது தான்தான் என்று அவருக்குத் தெரிந்தது.

அந்தக் கத்தல் உனக்காகத்தான் என்று சொல்ல மூன்று சொல் போதும். நீ, போக, வேணாம். மூன்றும் அவரிடம் இருந்தன. அன்று அவர் பேசாமல் இருந்தது வாய் வராமல் அல்ல.

*

அவள் உடனே போய்விடவில்லை. தடியூன்றித் தெருமுனைவரை நடக்கிற வரை, இடது கையால் பொத்தான் போடப் பழகுகிற வரை, உப்பில்லாமல் இரண்டு குழம்பு வைக்கக் கற்றுக்கொள்கிற வரை இருந்தாள். மாத்திரை டப்பாவில் எதை எப்போது என்று சொல்லிக் கொடுத்தாள். இனி ஒரு வேளைகூட விடக்கூடாது என்று மகள் பேரில் சத்தியம் வாங்கிக்கொண்டாள். மகள் வந்து, அப்பா என்னோடு வந்துவிடுங்கள் என்று மன்றாடினாள். கடை இருக்கிறது என்பதை அவர் விரலால் தெருப்பக்கம் காட்டிச் சொன்னார்.

இந்தத் தடவை கிடைத்த போர்ஷன் முதலில் பார்த்ததைவிடச் சின்னது, ஆனால் வெளிச்சம் நிறைய என்றாள். இரண்டு பெட்டி, ஒரு தையல் மெஷின், பாத்திரம் கட்டிய ஒரு மூட்டை. ஆட்டோக்காரர் எல்லாவற்றையும் ஏற்றி முடித்தார். அவள் கடைசியாக ஒரு தடவை சமையலறையைப் பார்த்துவிட்டு அவரிடம் வந்தாள்.

அவர் அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லை. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது.

அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். பிறகு பழகிய கையால் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். “ஒண்ணுமில்ல. டாக்டர் சொன்னாரே, இது நோயோட அழுகை. தானா நின்னுடும்.”

அவர் தலையாட்டினார். சரியாகவே, மேலும் கீழும்.

அவள் போனபின் அது நிற்க வெகுநேரம் ஆயிற்று.

கடையில் இப்போது தூக்குகிற வேலைக்கு இரண்டு ஆள் வைத்திருக்கிறார். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து கம்ப்ரசரின் மேல் இடது உள்ளங்கையை வைத்துப் பார்த்து, கேஸ் குறைந்திருக்கிறதா, ரிலே போயிருக்கிறதா என்று சொல்வார். சொல்லத்தான் நேரமாகும். ஆட்கள் காத்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போன் செய்கிறாள். மாத்திரை போட்டாச்சா என்பதுதான் முதல் கேள்வி. தினமும் யாரிடமாவது பேச வேண்டும் என்று பயிற்சிக்காரப் பெண் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால், அவர் மெல்ல மெல்ல, வாரத்தில் நடந்ததையெல்லாம் சொல்கிறார். கடைக்கு யார் வந்தார்கள், குழம்பு எப்படி அடிப்பிடித்தது, மேல்வீட்டில் யாரோ வீணை கற்றுக்கொண்டு உயிரை எடுப்பது. அவள் இடையில் பேசாமல் கேட்கிறாள். ஒரு தடவை, “முன்னாடி இவ்வளவு பேசியிருந்தா…” என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. மழையில் துணி நனைகிறது என்று போனை வைத்துவிட்டாள். அங்கே மழை இருந்திருக்கலாம். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அன்றைய பயிற்சி பாக்கி இருந்தது. கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பேச வேறு ஆள் இல்லாவிட்டால் அதுதான் பயிற்சி. அவர் தடியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்து நின்றார்.

“மரம்” என்றார். “சைக்கிள். நாய். நாய்… படுத்திருக்கு.”

பக்கத்து வீட்டுக்காரர், யாரிடம் பேசுகிறார் என்று தன் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். யாரும் இல்லாததைக் கண்டு உள்ளே போனார். எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஃபிரிட்ஜ்காரர் அதற்கான சொல்லைத் தேடிக்கொண்டு நின்றார்.